ஜீப்பு டிரைவரின் லேடீஸ் சைக்கிள்

ஜோக்கு சொல்லிவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. சிரித்தார்களா என்று பார்த்தாக வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அது ஒரு சின்னக் கோளாறு. போடிமெட்டு ரோட்டில், பெண்களை அடைத்து ஏற்றிய ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அது வேறு சமாச்சாரம். அந்த வித்தியாசம் புரியாத மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை ஏதோ மகான் என்று நினைத்து யாரும் ஏமாறக் கூடாது.

சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்களை விடியற்காலையில் ஏற்றி, மலைக்கு மேலே இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது என் சோலி. ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு எங்கள் பக்கம் சட்டம் ஒன்றுதான்: கம்பியைப் பிடிக்க ஒரு கைக்கு இடமிருந்தால் இன்னும் ஒருத்தி ஏறலாம். அன்றைக்கு மெட்டுக்குக் கீழே நல்ல மூடுபனி. எல்லோரும் தூங்கி வழிந்தார்கள். எழுப்பி விடலாமே என்று ஆரம்பித்தேன்.

"அட்டைகூட வயிறு நெறைஞ்சா தானா விழுந்துருது. நம்ம சூப்பர்வைசரு மட்டும் அஞ்சு மணி வரைக்கும் விழ மாட்டேங்குறாரே, அதெப்படி?"

ஜீப்பு குலுங்கச் சிரித்தார்கள். பின்சீட்டு ஓரத்தில் ஒருத்தி இருந்தாள். என் எந்த ஜோக்குக்கும் சிரிக்காதவள். இதற்காவது சிரித்தாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

வளைவு காத்திருக்கவில்லை. வண்டி பாறையில் ஏறி, மலைப் பக்கமாகச் சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் சாயாததால் எல்லோருக்கும் உயிர் மிஞ்சியது. அவளுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே மிஞ்சவில்லை.

கேசு நடந்து முடிந்தது. ஜீப்பை விற்று அவள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தேன். லைசென்ஸ் திரும்பக் கைக்கு வந்த அன்று மச்சினனின் டூவீலரை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். எஞ்சின் சத்தம் கேட்டதும் முழங்கை வரைக்கும் நடுங்கியது. அணைத்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் எஞ்சின் இல்லாமல் ஓடக்கூடியது ஒன்றுதான் இருந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய இலவச சைக்கிள். அவள் மதுரைக்குப் படிக்கப் போனதிலிருந்து சுவரில் சாய்ந்தே கிடந்தது. லேடீஸ் சைக்கிள், முன்னால் கம்பிக் கூடை. இந்த மீசையோடு அதில் ஏறி முதல் நாள் போடிக்குக் கிளம்பினேன். டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன மாப்ளே, ரெட்டைச் சடை போடலயா?"

போடியில் இப்போது ஜீப்பு உதிரிபாகக் கடையில் நிற்கிறேன். மற்றவர்கள் வண்டிக்குப் பிரேக் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். இதற்கு நானே சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்க வேண்டாம்.

தினமும் மிதிக்க மிதிக்க வாழ்க்கை இளைத்தது. தொப்பையைச் சொல்லவில்லை, அது அப்படியே இருக்கிறது. கூடையில் அடங்குவதுதான் வீட்டுக்கு வரும் என்று ஆகிவிட்டது. ரோட்டோரத் தோட்டத்தில் அன்றைக்குப் பறித்த கத்தரிக்காய் அடங்கும். தள்ளுபடியில் கிடைக்கிற மூன்றாவது மிக்ஸி அடங்காது. மிதிக்கும்போது போனை எடுக்க முடியாது. ஆகவே பாதிப் பேர் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவர்களில்லாமல் ஒன்றும் குடி முழுகவில்லை. ஓட்டல் பரோட்டா போனது. கல்யாண வீடுகளில் யார் வண்டி பெரிது என்று பார்க்கிற கண்ணும் போனது. ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. அதுதான் உறுத்தல். ஒருத்தியின் கால் போய், எனக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

பெருமை அடித்துக்கொள்ளாமலும் இருக்க முடியவில்லை. "எளிமையா இருக்கணும்டீ" என்று வீட்டில் ஒரு நாள் ஆரம்பித்தேன்.

"கை நடுங்குது, அதனால மிதிக்கிறீங்க" என்றாள் மனைவி. "அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பேரு?"

ஆனால் வெளியே அந்தப் பேரு நன்றாகவே செல்லுபடியானது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். ஜீப்பை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வாத்தியார் கேட்டார். "டீசல் வாடை நமக்கு ஒத்துக்கிறதில்ல சார்" என்றேன். கைதட்டி, ஒரு பச்சைத் துண்டைப் போர்த்தி அனுப்பினார்கள். அந்தத் துண்டோடு திரும்பும்போது சிலமலை பஸ் ஸ்டாப்பில் அவள் ஊன்றுகோலோடு பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். துண்டை உருவிக் கூடையில் திணித்தேன். அது அடங்கியது.

அவள் போடியில் ஒரு குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை, அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை. காலையில் பஸ்சு நேரத்துக்கு வராது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அவள் ஏறி உட்காரும் வரை பொறுக்க மாட்டார்கள். நான் தினமும் அந்த ஸ்டாப்பைக் கடந்துதான் போவேன். அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்கத்துத் தென்னந்தோப்பில் ரொம்ப அக்கறையாகக் காய் எண்ணுவேன்.

போன வாரம் மனைவி சொன்னாள், "அவள இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டாங்களாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சைக்கிளையும் பார்த்தாள்.

கேரியரில் ஒரு ஆளை வைத்து ஓட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. மனைவியை ஏறச் சொன்னேன், முடியாது என்றுவிட்டாள். அரிசி மூட்டையைக் கட்டி ராசிங்காபுரம் ரோட்டில் ரெண்டு நாள் ஓட்டிப் பழகினேன். மூட்டை ஒன்றும் குறை சொல்லவில்லை. மறுநாள் காலையில் கேரியரில் தலையணையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் அவள் மட்டும் நின்றிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவளோடு நேராக நின்று பேசியது அன்றைக்குத்தான்.

"ஆத்தா, பஸ்சு இன்னிக்கும் லேட்டுத்தான் போல. ஏறிக்க. குடோன் வாசல்லயே எறக்கி விட்டுர்றேன்."

அவள் கேரியரைப் பார்த்தாள். "இது என்ன, தலகாணியா?"

"வீட்டுத் தலகாணிதான். கேட்டுத்தான் எடுத்தேன்."

"கம்ப எங்க வைக்கிறது?"

"கூடையில குறுக்க வச்சுக் கட்டிர்றேன். கயிறு கொண்டாந்திருக்கேன்."

ரோட்டை எட்டிப் பார்த்தாள். பஸ் வருகிற அறிகுறி இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சைக்கிளை நோக்கி ஒரு எட்டு வைத்து நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பயப்படாத ஆத்தா. இது என்ன ஜீப்பா? வெறும் சைக்கிளுதான்."

"ஓட்டுறது நீங்கதானண்ணே."