வரைபடத்தில் இல்லாத புடைப்பு

மந்தைவெளியில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். காதிடுக்கில் பென்சில் இருக்கும். கடைந்த எதையும் கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்.

என் குட்டி என்ஜினில், டேப்பெட் என்ற தட்டை அடித் தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும் கேம் என்ற முட்டை வடிவச் சக்கரத்தை நானே வரைந்தேன். அவர் செய்து தந்தார். "சூப்பர் டிசைன் நைனா" என்றார். முதல் சுழற்றலிலேயே என்ஜின் ஓடிவிட்டது! அன்றைக்கே வரைபடத்தை இணையத்தில் போட்டேன். அதை வைத்துச் செய்த மூன்று பேருக்கும் டேப்பெட் சிக்கி நின்றது. "ஏன் தம்பி பொய்ப் படம் போடற?" என்று ஒருவர் எழுதினார்.

என் கேமைக் கழற்றி அளந்தேன். பக்கங்களை நான் குழிவாக வரைந்திருந்தேன். கேமில் அவை புடைத்திருந்தன.

பட்டறைக்கு ஓடினேன். "ஏண்ணா, படத்தை மாத்திட்டு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"தட்டை டேப்பெட்டுக்குக் குழி ஒத்து வராது நைனா, ஓரம் இடிக்கும். இப்ப ஓடிக்கினு கீதுல்ல?"

"அப்புறம் ஏன் சூப்பர்னு சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டு வேற இன்னா சொல்றது?"

அந்த என்ஜின் இன்றும் என் மேசையில் ஓடுகிறது. "நீயே டிசைன் பண்ணியா?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் அவர்மேல் கோபம் வருகிறது. நான் வரைந்தபடியே செய்து, அதை ஓடாமல் நிற்க விட்டிருக்கலாம் அவர்.