நிலவறையில் பதினொரு முகங்கள்

பாரிசின் லா சப்பலில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். நாங்கள் கடைக்கு மேல் மாடியில் இருந்தோம், அரிசி மூட்டைகள் கடைக்குக் கீழே நிலவறையில் இருந்தன. ஈரம் கசிகிறதென்று ஒருநாள் மூட்டைகளை மேலே ஏற்றியதும் கீழே வெறும் சீமெந்துத் தரை மிஞ்சியது. எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹொக்கி விளையாட இதைவிட நல்ல இடம் பாரிசிலேயே கிடையாது என்று அறிவித்தார். மாமா அதுவரை பாரிசில் பார்த்திருந்த இடங்கள் எங்கள் வீடும், ரூ லூயி-பிளாங் தெருவில் அவர் வேலை செய்த உணவகத்தின் சமையலறையும்தான்.

நானும் அண்ணாவும் சக்கரச் சப்பாத்து மாட்டிக்கொண்டு அங்கே விளையாடினோம். கோல் கம்பங்களுக்குப் பதிலாக மரக்கறிப் பெட்டிகள் இருந்தன. விளக்குத்தான் தொல்லை. பொத்தானை அழுத்தினால் சிறிது நேரம் எரிந்து தானாகவே அணைந்துவிடும். நாம் நல்லதொரு அடி அடிக்கப்போகும் நேரம் பார்த்துத்தான் அணையும்.

மாமா ஊரில் பள்ளிக்கூட ஹொக்கி அணியின் கோல் காப்பாளர். மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைத்த ஓய்வில் வந்து, அந்த அணியின் சரித்திரத்தை நிலவறைச் சுவரில் தூரிகையால் கீறத் தொடங்கினார். மட்டை வாங்க வழியில்லாமல் பூவரசங் கொம்பை வெட்டி விளையாடிய காலம் முதற்படம். தோற்ற ஆட்டங்களை மூலையில் சின்னதாகக் கீறினார். வென்ற ஒரே இறுதியாட்டம் பாதிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் பதினொரு பேரும் இரண்டு வரிசையாக நின்றார்கள். பழைய படம் ஒன்றுகூடக் கையில் இல்லாததால் எல்லாம் ஞாபகத்திலிருந்து கீறிய முகங்கள். எல்லோருக்கும் மாமாவின் மூக்கே வாய்த்திருந்தது.

அப்போதுதான், அந்த நாளைய அணித்தலைவர் ஒரு கலியாணத்துக்காகக் கனடாவிலிருந்து வருகிறார் என்று செய்தி வந்தது. நெஞ்சில் பெரிய ஒப்பரேசன் செய்து தப்பிப் பிழைத்தவர். மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்து ஓம், இது நாங்கள்தான் என்று அந்த மனிதர் சொன்னால் போதும் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் எவ்வளவு புகழ்ந்தும் அது அவருக்குக் கணக்கில் வரவில்லை.

விருந்தாளியைக் கூட்டிவர மாமா கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போனதும் நான் நிலவறைக்கு இறங்கினேன். சுவரில் ஏதோ குறைவதாக எனக்குப் பட்டது. எங்கள் வீட்டில் மாலை போட்டிருந்த ஒரே மனிதர் அப்பாவின் அப்பா. கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார். வருகிறவர்கள் அவரை நிமிர்ந்து பார்த்து, நல்ல மனுசன் என்பார்கள். ஆகவே மாலை நல்ல மனிதர்களுக்குரியது. கடையில் பிளாஸ்ரிக் மாலைக்குப் பஞ்சமில்லை. பதினொரு பேருக்கும் மாலை ஒட்டி, நெற்றியில் குங்குமமும் வைத்தேன். விருந்தாளி என்பதால் அணித்தலைவருக்கு இரண்டு மாலை.

கனடாக்காரர் கம்பியைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். பின்னால் மாமாவும் அம்மாவும் வந்தார்கள். மாமா பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தவர்களின் படத்துக்குத்தான் இப்படிப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. இவ்வளவு காலம் பாடுபட்டவரின் ஆசையில் மண் விழுந்துவிட்டதே என்று அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது.

இருட்டில் முதலில் இருமல் போலக் கேட்டது. பிறகுதான் சிரிப்பு என்று விளங்கியது.

“டொக்டர்மார் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தின உயிரை இந்தப் பிள்ளை மாலை போட்டு முடிச்சுப்போட்டாள்” என்றார் கனடாக்காரர். “அதுவும் எனக்கு மட்டும் ரெண்டு மாலை.”

மாமாவும் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். என் நெஞ்சிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

விளக்கை மறுபடி போட்டதும் அவர் சுவருக்குக் கிட்டப் போனார். தன் மாலைகளைத் தானே கழற்றி, பொட்டைக் கைலேஞ்சியால் துடைத்தார். அடுத்தது மாமாவுடையது. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அத்தனை பேருக்கும் ஒரே மூக்கு இருந்தும், ஓம், இது அவன்தான் என்று பெயரைச் சொன்னார். “லண்டனிலை, அண்ணை” என்றார் மாமா. ஒரு மாலை இறங்கியது. அடுத்தவர் சுவிசில். இன்னொருவர் ஊரிலேயே வாத்தியார். ஒவ்வொரு ஓமுக்கும் மாமாவின் முகம் மலர்ந்தது.

பின்வரிசைக்கு வந்ததும் அவர் பெயர் மட்டும் சொன்னார், கை மாலைக்குப் போகவில்லை. மாமாவும் நாட்டின் பெயர் எதுவும் சொல்லவில்லை. விளக்கு அணைய அணையப் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றார்.

நான்தான் கனடாக்காரருக்கு நினைவூட்டினேன். “மாமா, இதுகளைக் கழட்ட மறந்திட்டியள்.”

கனடாக்காரர் என் தலையில் கை வைத்தார். “இதுகள் இருக்கட்டும், பிள்ளை. வடிவாய்த்தான் போட்டிருக்கிறாய்.”

என் அலங்காரம் அவருக்குப் பிடித்துவிட்டது. அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று சந்தோசத்தோடு படியேறி ஓடினேன்.