இடது பக்கத்துப் பிள்ளையார்

விளக்கு மறுபடி எரிந்தது. அரிகிருஷ்ணன் காரின் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மீண்டும் போட்டார். மீட்டர் கண்ணாடிக்குள் வயிற்றின் முன் உருண்டையோடு உட்கார்ந்திருக்கும் சின்னச் சிவப்பு மனிதன். ஏர்பேக், அதாவது மோதினால் விரியும் காற்றுப் பையின் விளக்கு. அவன் போகவில்லை.

மடியிலிருந்த லேப்டாப் இரண்டு குறைகளைக் காட்டியது. வலது ஓரப் பை இல்லை. இடது ஓரப் பை இல்லை.

"இந்த வண்டியில ஓரத்துல பையே கெடையாதே" என்றார்.

"யார்கிட்ட பேசற?" பட்டறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோவிந்தராசு கேட்டார். வண்டி அவருடையது. மூக்கின் மேல் பிளாஸ்திரி.

"பொட்டிகிட்டங்க. இல்லாததத் தேடிக்கினு இருக்குது."

"எங்க வூட்டம்மா மாதிரி."

"காது கேக்குது" என்றாள் பின் சீட்டிலிருந்த ஜெயம்.

அவள் சாரம் பகுதியில் பள்ளி ஆசிரியை. வண்டியை ஓட்டுவது அவள்தான். போன மாதம் அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் மணல் லாரி திடீரென்று நின்றது, இவள் நிற்கவில்லை. முன்னால் இருந்த இரண்டு பைகளும் வெடித்து விரிந்தன. புதுப் பைகள் வந்துவிட்டன. கியர் கம்பிக்குக் கீழே இருந்துகொண்டு, எப்போது வெடிக்க வேண்டும் என்று பைகளுக்குச் சொல்லும் பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. ஒருமுறை சொல்லி முடித்த பெட்டி மறுபடி உதவாது. சென்னையில் உடைப்புக்கு வந்த ஒரு வண்டியிலிருந்து, பை வெடிக்காத பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார் அரிகிருஷ்ணன். அது விலை கூடிய வண்டி. ஓரத்திலும் பைகள் உண்டு. பெட்டி இன்னும் அந்த வண்டிக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

லேப்டாப்பில் இந்த வண்டியின் எண்ணை எழுதினார். பைகள் இரண்டு, நான்கு அல்ல என்று மாற்றினார். பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, மாட்டினார். சாவியைப் போட்டதும் சிவப்பு மனிதன் வந்தான். சற்று இருந்தான். போய்விட்டான்.

"அணைஞ்சிடுச்சு டீச்சர்."

"பாத்தேன். இனிமே இடிச்சா விரியுமா?"

"லைட்டு அணைஞ்சிடுச்சுல்ல."

"லைட்டக் கேக்கல. விரியுமான்னு கேட்டேன்."

அரிகிருஷ்ணன் விளக்கையே பார்த்தார். ஊர் மில் மூடும் வரை அவர் அங்கே வயர்மேன். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும். ஓடவில்லையென்றால் வேலை முடியவில்லை. முத்தியால்பேட்டையில் இந்தப் பட்டறையைப் போட்ட பிறகும் அப்படித்தான். ஹாரன் என்றால் அடித்துப் பார்க்கலாம். வைப்பரை ஓட்டிப் பார்க்கலாம். இதை எப்படிப் பார்ப்பது?

"விரியணும்" என்றார். அது பதிலா என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெயம் கைப்பையிலிருந்து ஒரு கருங்கல் பிள்ளையாரை எடுத்தாள். தும்பிக்கை ஓரம் சிறிது சில்லு போயிருந்தது.

"இவர பழைய எடத்துலயே ஒட்டிடு. நல்ல பசையா போடு."

பழைய இடம் இடது பக்க டாஷ்போர்டு. புதுப் பையின் மூடியே அதுதான்.

"அங்க வேணாம் டீச்சர். பை அந்த மூடியப் பேத்துக்கினுதான் வரும். இவரயும் சேத்து எறியும். அன்னிக்கி சார் மூக்குல பட்டது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"காப்பாத்துனவரே அவருதான். மூக்கோட போச்சேன்னு நெனைச்சுக்க."

"காப்பாத்துனது பைதாண்டி" என்றார் கோவிந்தராசு. "மூக்க ஒடச்சதுதான் உங்க ஆளு."

"பைய அனுப்புனது யாரு?"

கோவிந்தராசு பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அரிகிருஷ்ணனுக்கு இன்னொரு வழியும் தெரியும். இடது பையும் இல்லை என்று பெட்டியிடம் சொல்லிவிடலாம். பெட்டி நம்பிவிடும், விளக்கும் எரியாது. பிள்ளையார் அசையாமல் இருப்பார். கோவிந்தராசுவின் முகத்துக்கு முன்னால் எதுவும் இருக்காது. விரல் லேப்டாப்பில் அந்த வரிக்கு மேல் நின்றது. பையை வைத்தால் கல் பறக்கும். எடுத்தால் கல் பறக்காது, ஆள் போய் மோதுவார். எது காப்பாற்றுவது, எது அடிப்பது என்று யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றாகிக்கொண்டே வந்தன.

லேப்டாப்பை மூடினார்.

"நடுவுல ஒட்டறேன். ஏசி காத்து வர்ற எடத்துக்கு மேல. அங்க பை இல்ல."

"நடுவுல வச்சா யாரப் பாத்து இருப்பாரு?"

"ரெண்டு பேரயும்."

அவள் பிள்ளையாரை அவரிடம் நீட்டினாள். அவர் பசையைக் கலந்து நடுவில் ஒட்டினார். காயும் வரை கையால் பிடித்துக்கொண்டிருந்தார். போகும்போது கோவிந்தராசு வழக்கம்போல் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்து, சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

மறுநாள் காலை அரிகிருஷ்ணன் ஒரு மினி வேனுக்கு ஹெட்லைட் வயர் மாற்றினார். பகலில் பல்பு வாங்கக் கடைக்குப் போனார். கடை எதிரில் ஜெயத்தின் வண்டி நின்றது. அவள் பூ வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தார். டாஷ்போர்டின் நடுவில் காய்ந்த பசை இருந்தது. பிள்ளையார் இடது பையின் மூடி மேல் இருந்தார். அவருக்கு எதிர் சீட் காலி. கோவிந்தராசு பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

காலி சீட்டாக இருந்தாலும் அந்த வண்டியில் பை விரியும், கல்லும் பறக்கும். அதை அவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று அரிகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. பல்பு வாங்கினார். திரும்பியபோது வண்டி போயிருந்தது. பட்டறைக்கு வந்து வேனுக்குப் புது பல்பை மாட்டி விளக்கைப் போட்டுப் பார்த்தார். எரிந்தது.