வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கூடுகள்

புருஷோத்தமன் பொய் சொல்லிப் புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒருவரும் கேட்டதில்லை. அவர் மனைவி பாக்கியலட்சுமிக்கு அதுவே ஒரு குறை. "நாலு வார்த்த மாத்திப் பேசத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் பர்மனென்ட் ஆயிருப்ப" என்பாள்.

மில் வேலை போன பிறகு செங்கேரி பறவைகள் சரணாலயத்தில் தினக்கூலிக் காவலராகச் சேர்ந்தார். காலையில் கடலூர் பஸ் ஏறித் தவளக்குப்பத்தில் இறங்குவார். டீக்கடை ஓரம் பூட்டி வைத்த சைக்கிளை எடுத்து மேற்கே மிதித்தால் ஏரி வந்துவிடும். ஏரியை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்கால் வரை புதுச்சேரி, தாண்டினால் தமிழ்நாடு. தாண்டியதும் வடிவேலுவின் புளியந்தோப்பு.

மார்கழி பிறந்தால் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். எண்ணிக்கையில் அருகிவரும் பறவை என்று சரணாலயப் பலகையிலேயே எழுதியிருந்தது. பகலெல்லாம் ஏரியில் மீன் பிடிக்கும். கூடு கட்டுவதோ பெரும்பாலும் தோப்பில்தான். ஏரிக்குள் இருந்த கருவேல மரங்களில் பத்துப் பதினொன்று கட்டும், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசியில் ரேஞ்சர் சுப்பிரமணியன் ஒரு தாளைக் கொடுத்துக் கூடுகளை எண்ணி வரச் சொன்னார். புருஷோத்தமன் எண்ணினார். உள்ளே பதினொன்று, தோப்பில் அறுபத்து நான்கு. எதை எழுதுவது என்று கரையில் உட்கார்ந்து யோசித்தார். அவருடைய மச்சான் குடியிருப்பது கடலூர் மாவட்டத்தில். ரேஷன் கார்டும் ஓட்டும் நெல்லித்தோப்பில். அவனை யாரும் வெளியூர்க்காரன் என்று சொன்னதில்லை. இந்தப் பறவைகளும் அப்படித்தானே? சாப்பாடு நம் ஏரியில், படுக்கை மட்டும் அந்தப் பக்கம். எழுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் எழுதுகிறோம் என்று அவருக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

ரேஞ்சருக்கு வாயெல்லாம் பல். பேப்பரில் செய்தி வந்தது. அடுத்த வருடம் எண்பத்தெட்டு, அதற்கடுத்த வருடம் இன்னும் அதிகம். பார்வைக் கோபுரம் கட்டினார்கள். சரணாலயம் ஆக்கியதால்தான் பறவை பெருகியது என்று வந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். புருஷோத்தமனும் அதை நம்பினார்.

ஆனால் தோப்பைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைக் கோணிப்பையில் போட்டு மரமேறித் திரும்ப வைப்பார். வீட்டுக்குப் போனால், குளிக்காமல் உள்ளே வராதே என்று பாக்கியலட்சுமி வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"நாத்தம் என் தோப்புல, பேரு உங்க ஏரிக்கா?" என்று வடிவேலு ஒருநாள் சிரித்தார். "எங்க தோப்பையும் ஒரு வரி எழுதக் கூடாதாண்ணே? நாளைக்கி நான் இல்லன்னா எவனாவது கோடாலிய தூக்கினு வருவான்."

"நீ இருக்கிற வரைக்கும் எவன் வரப்போறான் போ."

போன ஆடியில் வடிவேலு மாரடைப்பில் போனார். சென்னையில் இருந்த மகன்கள் தோப்பை வீட்டுமனை போடுபவர்களுக்கு விற்றார்கள். புரட்டாசியில் ஒருநாள் புருஷோத்தமன் கரையில் நின்று பார்த்தபோது வெட்டுவதற்காக மரத்துக்கு மரம் சிவப்பு பெயின்டில் எண் போட்டிருந்தது. கூடு ஒன்றுகூட இல்லாத மாதம் அது.

ரேஞ்சர் கையை விரித்தார். "அது நம்ம லிமிட் இல்லப்பா. அந்தப் பக்கத்து ஆபீஸ்ல சொல்லு."

மறுநாளே போனார். பத்து வருடப் பதிவுகளையும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருந்தார். அந்த எண்களைப் பார்த்தால் எந்த அதிகாரியும் மரத்தில் கை வைக்க விடமாட்டார் என்று நம்பினார். அங்கே வனவர் ஹேமலதா பொறுமையாகக் கேட்டாள்.

"இப்ப கூடு இருக்குதா?"

"மார்கழியிலதாம்மா வரும்."

"கூடு இருந்தா நானே போய் நிறுத்திடுவேன். இல்லன்னா, முன்ன இருந்துச்சுன்னு ரெக்கார்டு வேணும்."

அவர் பெருமையோடு தாள்களை நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"நூத்திப் பதிமூணு கூடு. இடம், செங்கேரி சரணாலயம். எல்லாத் தாள்லயும் அப்படியே இருக்குதே. தோப்பு எங்க?"

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

"இத மேல அனுப்புனா, அத்தனையும் பத்திரமா உள்ளதானே இருக்குது, இந்தத் தோப்பு எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்னா பதில் சொல்றது?"

மச்சான் கதையை அவளிடம் சொல்ல வாயெடுத்தார். பிறகு தாள்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் மூன்றாம் நாள் அவள் ஜீப்பில் வந்தாள். இருபத்திரண்டு புளியமரங்களும் தரையில் கிடந்தன. கிளைகளில் பழைய எச்சம் சுண்ணாம்பாய் அப்பியிருந்தது. அவள் அதைப் போட்டோ எடுத்தாள். அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்கழியில் பறவைகள் வந்தன. எல்லைக்கல் நட்ட வெற்று மண்ணுக்கு மேலே இரண்டு நாள் சுற்றின. சில ஏரிக்குள் இறங்கின. மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை. பக்கத்து ஏரிகளுக்கெல்லாம் சைக்கிளில் போய்த் தேடினார். எங்கும் காணோம்.

மாசியில் தாளை நீட்டியபோது ரேஞ்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒம்போதா? போன வருஷம் நூத்திப் பதிமூணு! கண்ணு சரியில்லையா புருஷோத்தமா?"

"கண்ணு சரியாத்தான் சார் இருக்குது. போன வருஷமும் உள்ள பத்துதான். மத்தது தோப்புல இருந்துச்சு. நான்தான் சேத்து எழுதிட்டேன்."

சுப்பிரமணியன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தண்ணி கொறவு, அதனால வரலன்னு எழுதிக்கலாம்."

"ஏரி ரொம்பிக் கெடக்குது சார்."

ரேஞ்சர் பேனாவை மூடினார். புருஷோத்தமன் நகரவில்லை.

"இன்னொரு தாள் குடுங்க சார். வடக்க மதகாண்ட ஒரு அரசமரத்துல வக்காக் கொக்கு கூடு கட்டியிருக்குது, பதினாலு கூடு. அது நம்ம லிமிட் இல்ல. அந்தம்மா ஆபீசுக்கு எழுதிக் குடுக்கணும்."

"அதுக்கெல்லாம் நம்மகிட்ட ஃபாரம் கெடையாதுப்பா."

"வெள்ளத்தாள் போதும் சார்."