பூனை கை தூக்கவில்லை

எங்கள் கப்பல் பட்டறையில் பூனை என்றால் அது என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். மாப்பிள்ளை நடந்தால் சத்தம் வராது, கதவைச் சாத்தினால் வராது, தம்ளரைக் கீழே வைத்தாலும் வராது. அணுசக்தி நீர்மூழ்கியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அங்கே ஒரு ஸ்பூன் விழுந்தால் எதிரி காதில் விழுமாம். இவருக்கு வேலையே கேட்பதுதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலில் போவது மீன்படகா, சரக்குக் கப்பலா, வேறு ஏதாவதா என்று சொல்ல வேண்டும்.

ஒரு தடவை முழுகினால் மூன்று மாதம். பேசினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்பதால் அங்கிருந்து ஒரு வார்த்தை வராது. இங்கிருந்து வாரத்துக்கு நாலு வரி அனுப்பலாம், அதிலும் கெட்ட சேதி இருந்தால் ஆபீசில் அந்த வரியை அடித்துவிடுவார்கள். என் தங்கச்சி மருந்துக்கடையில் பில் போடுகிறவள், பிள்ளைகுட்டி கிடையாது. மஞ்சள் காமாலையில் அவள் சுருண்டு கிடந்தபோதுகூட, 'நலம், வீட்டுக்கு வெள்ளை அடித்தாச்சு' என்றுதான் அவருக்குப் போயிற்று.

அப்போதுதான் கடற்படை மறுபடியும் டீசல் நீர்மூழ்கி இரண்டு வாங்கலாமா என்று யோசித்தது. எல்லாவற்றையும் அணுசக்திக்கு மாற்றி முடித்த பிறகு இது எதற்கு என்று கேன்டீனில் தினமும் சண்டை.

"பிளேன் வாங்கினவன் எவனாவது திரும்பப் போய் சைக்கிள் வாங்குவானா?" என்றான் கிரேன்காரன்.

"சந்துக்குள்ள பிளேன்ல போவியாடா நீ?" என்றார் அப்போது கரைக்கு வந்திருந்த மாப்பிள்ளை. வாயே திறக்காத மனுஷன், இந்த விஷயத்தில் மட்டும் விட மாட்டார். "நம்ம அணுசக்திப் படகுல பம்பு ஓடிக்கிட்டே இருக்கும், நிறுத்த முடியாது. ராத்திரி பகலா அது என் காதுலயே இருக்கு. டீசல் படகு பேட்டரிக்கு மாறி நின்னுடுச்சுன்னு வை, கல்லு மாதிரி. பக்கத்துல போனாலும் எனக்குக் கேட்காது."

"பேட்டரி தீர்ந்தா மூச்சு விட மூக்கை வெளியே நீட்டணுமே, அப்ப எவனாவது பார்த்தா?"

"அதனாலதான் பக்கத்துக் கடலுக்கு மட்டும்ங்கிறேன். தூரத்துக்கு இது, வாசலுக்கு அது."

"ரெண்டு வித படகுக்கு ரெண்டு வித பட்டறை யாரு வைப்பா? உங்க மச்சானா?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வெல்டரான என்னைக் கேட்டா வாங்கப் போகிறார்கள்? கேட்டிருந்தால் வாங்கத்தான் சொல்லியிருப்பேன். என் கணக்கு வேறு. டீசல் படகு சின்னது, தூரம் போகாது, இரண்டு மூன்று வாரத்தில் கரைக்கு வந்துவிடும். என் தங்கச்சியும் ஒரு ஆளோடு குடும்பம் நடத்துவாள்.

கடைசியில் கடற்படை மேலதிகாரி விஷயத்தைப் போட்டு உடைத்தார். பணம் புரட்டிவிடலாம், ஆள்தான் இல்லை. இருக்கிறவர்களில் யார் டீசலுக்கு மாறத் தயார் என்று சனிக்கிழமை பெரிய ஷெட்டில் கை தூக்கச் சொல்வார்களாம். கை தேறாவிட்டால் பேச்சை விட்டுவிடுவார்களாம்.

தங்கச்சி என் வீடு தேடி வந்தாள்.

"அண்ணா, அவர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா வற்புறுத்தற மாதிரி ஆயிடும்."

"சொல்லவே வேணாம். கேன்டீன்ல அந்த ஆளு தொண்டை கிழியக் கத்துறாரு, தூக்காம இருப்பாரா?"

சனிக்கிழமை ஷெட்டில் நான் பின்னால் நின்றேன். அங்கே ஒன்று இங்கே ஒன்றாகக் கைகள் எழுந்தன, விரல் விட்டு எண்ணிவிடலாம். மாப்பிள்ளையின் கை பேன்ட் பையிலேயே இருந்தது. கிரேன்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதிகாரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றார். அத்தோடு டீசல் பேச்சு மூலைக்குப் போனது.

குழாயடியில் அவரை மடக்கினேன்.

"என்னய்யா, கையில சுளுக்கா?"

முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகுதான் சொன்னார்.

"நேத்து சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டேன் மச்சான். கதவு திறந்திருந்துச்சு, உள்ளே பேச்சுச் சத்தம். யாரோ விருந்தாளின்னு நினைச்சேன். பார்த்தா, நான் உட்கார்ற காலி நாற்காலிகிட்ட பேசிட்டிருக்கா. கடையில முதலாளி எரிஞ்சு விழுந்தது, கீழ்வீட்டுக்காரி தண்ணிச் சண்டை, ஒண்ணு விடாம சொல்றா. நடுவுல, 'நீங்க ஒரு மண்ணு'ன்னு என்னைத் திட்டிட்டுச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்ல மச்சான்."

"உள்ளே போகவேண்டியதுதானே?"

"நான் வந்ததே அவளுக்குத் தெரியலை. சத்தமில்லாம படி இறங்கிப் போயி, இருமிக்கிட்டே மறுபடி படியேறினேன். உள்ளே கப்சிப். 'வந்துட்டீங்களா, சாப்பிடறீங்களா?' அவ்வளவுதான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் வீட்டுலயே உட்கார்ந்துட்டா அவ யார்கிட்ட பேசுவா?"

"உங்ககிட்டதான்யா பேசுவா! கடல்ல போறதையெல்லாம் கேட்கத் தெரியுது, இது தெரியலையா?"

"எங்க ரெண்டு பேருக்கும் பழக்கமில்ல மச்சான்" என்று துண்டை உதறினார். அதிலும் சத்தம் வரவில்லை.

அன்று சாயங்காலம் தங்கச்சி என் வீட்டு வாசலில் நின்றாள்.

"தூக்கினாரா?"

"இல்லம்மா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நாற்காலிப் பேச்சும் நின்று போகும், அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்? செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாப்பிள்ளை மறுபடி முழுகப் போனார். கொஞ்ச நாள் கழித்து, அவள் வீட்டு ஜன்னல் கம்பி விட்டுப்போனதைப் பற்றவைத்து எடுத்துக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் அவள் குரல் கேட்டது.

"...அண்ணன் சொல்லிட்டான். கேன்டீன்ல டீசல் டீசல்னு கத்தினது யாராம்? ஷெட்டுல மட்டும் கை வலிச்சுதோ? ஏன்னு கேட்கத்தான் நினைச்சேன். நீங்க எதிர்ல வந்து நின்னா எனக்கு வாயே வரமாட்டேங்குது. இப்ப சொல்லுங்க, ஏன்?"

பதிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நிறுத்தினாள். நான் இறங்கிவிடலாம் என்று திரும்பினேன். நான் என்ன பூனையா? பூட்ஸ் படியில் இடித்தது, கம்பி சுவரில் உரசிக் கிறீச்சிட்டது.

"யாரு?" ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"நான்தாம்மா."

"நீயா" என்றாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வா, சாப்பிடறியா?"

மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. மாப்பிள்ளையின் நாற்காலியைத் தொடாமல், நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.