பன்றிக்காய்ச்சலும் அடுப்புப் புகையும்

காளப்பநாயக்கன்பட்டியில் துணிக்கடை வைத்திருந்தவர் சிராஜுதீன். முஸ்லிம் வீடுகளில் யார் இறந்தாலும் உடலைச் சுற்றும் கஃபன் துணியை அவர்தான் அளந்து கிழித்துக் கொடுப்பார். யாருக்குக் கிழித்தோம் என்பதை அவர் மறந்ததில்லை.

2009. பன்றிக்காய்ச்சல் பீதி. முகமூடி இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது என்று மனைவி ஜெய்னப்புக்குக் கட்டளை போட்டிருந்தார். ஊர் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த நான், அவரைக் கடையில் வைத்தே கேட்டேன்.

“பாய், இந்தக் காய்ச்சலுக்கு எத்தனை கஃபன் கிழிச்சீங்க?”

“ஒண்ணுகூட இல்லீங்க.”

“மூச்சு இழுத்துச் செத்தவங்களுக்கு?”

விரல்விட்டு எண்ணினார். இரண்டே வருஷத்தில், இந்த ஒரே தெருவில், ஆறு பேர். ஆறும் பெண்கள். எல்லோரும் ஜன்னலில்லாத சமையற்கட்டில் விறகு எரித்தவர்கள். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் இருமல் கேட்டது. சிராஜுதீன் பதறித் திரையை விலக்கினார். முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு, புகைக்குள் குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார் ஜெய்னப்.

“முகமூடி எங்க?”

“ஊட்டுக்குள்ள எதுக்குங்க? காய்ச்சல் என்ன அடுப்புலயா குந்தியிருக்குது?” சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவேயில்லை.

சிராஜுதீன் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டினார். கடப்பாரையை எடுத்துச் சமையற்கட்டுச் சுவரை இடிக்கத் தொடங்கினார்.

“ஏனுங்க, கிறுக்கா உங்களுக்கு? சோறு வேகலீங்க!”

அவர் நிறுத்தவில்லை.