பதினேழு பேருக்கு ஒரு மாவு மில் நம்பர்

"ஹலோ, இது ஷாஹுல் ஹமீது வீடுங்களா?"

"ஆமா, இரு." மறுமுனையில் ஒரு பெண் குரல். அதற்குப் பின்னால், கிளம்பாத லாரி ஒன்று உறுமிக்கொண்டே நிற்பதுபோல இரைச்சல். எதையோ தட்டி விலக்கும் சத்தம் கேட்டது. இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. "இப்ப சொல்லு. இன்னா வேணும்?"

"பேஜர் கம்பெனியிலேருந்து பேசறேங்க. ஷாஹுல் ஹமீது எங்ககிட்ட அப்ளிகேஷன் போட்டிருக்கார். இது அவர் நம்பர்தானான்னு தெரிஞ்சுக்கணும்."

"அவரு நம்பர்தான்."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நானா? நான் முத்துலட்சுமி."

ஜொவிட்டா குறித்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள். அதே எண். தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படித்து அழுத்தினாள். அதே குரல்.

"இது... காஸ்பர் வீடுங்களா?"

"ஆமா."

"இப்பத்தானே ஷாஹுல் ஹமீது வீடுன்னு சொன்னீங்க?"

"அதுவும்தான்."

"ரெண்டு பேரும் அங்கதான் குடியிருக்காங்களா?"

"இன்னா கண்ணு, ரெண்டு ஆம்பளைய வூட்ல குடி வெச்சிக்கினு கீறேன்னு எழுதிக்கப் போறியா?" அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் சேர்ந்து சிரித்தார்கள். "பாய் எதுத்தாப்புல மாடில கீறாரு. காஸ்பரு சந்து கோடில. கூப்ட்டா ஓடியாந்துருவாங்க. பி.பி.ன்னு எழுதியிருப்பாங்களே, பாக்கலியா?"

ஜொவிட்டாவின் கையில் இருந்தது கம்ப்யூட்டர் அச்சிட்ட தாள். அதில் போன் நம்பருக்கு ஏழு கட்டங்கள். ஏழு இலக்கத்துக்கு மேல் இரண்டு எழுத்துக்கு இடம் கிடையாது.

"ஜமீலுன்னிசான்னு ஒருத்தங்க..."

"தையக்காரி. அதுவும் நம்ம நம்பர்தான். இன்னும் எத்தினி பேரு கீறாங்கன்னு மொத்தமா சொல்லிரு. மில்லு நிக்குது, மொளகா பாதியில கெடக்குது."

"பதினேழு பேர்."

"பதினேழா!" குரல் போனை விட்டு விலகியது. "ஏ, கேட்டீங்களாடி, நம்ம சந்துல பதினேழு பேருக்கு பேஜரு ஆசை வந்துகீது!" மறுபடி நெருங்கி வந்தது. "கண்ணு, உன் குரலு சோந்து கீது. சாப்டியா?"

ஜொவிட்டா நன்றி சொல்லி போனை வைத்தாள். 'விண்ணப்பதாரர் இந்தத் தொலைபேசி உள்ள வீட்டில் வசிக்கிறாரா?' என்ற கேள்விக்கு நேரே, பதினேழு தாள்களிலும் 'இல்லை' என்று எழுதினாள்.

அது 1996. பேஜர் ஊருக்குப் புதிது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. இடுப்பில் செருகிக்கொண்டால், யாரோ சொன்ன சேதி இரண்டு வரியில் வந்து நிற்கும். பதில் பேச வேண்டுமென்றால் ஒரு போனைத் தேடிப் போக வேண்டும். ஜொவிட்டா வேலை பார்த்த கம்பெனிக்குத் தலைமையகம் சிங்கப்பூர். சென்னைக் கிளை தி.நகர் வடக்கு உஸ்மான் ரோட்டில் ஒரு மாடி. இங்கே விண்ணப்பம் வாங்குவார்கள், போனில் விசாரிப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

பி.பி. என்றால் என்னவென்று ஜொவிட்டாவுக்குத் தெரியாமல் இல்லை. போன் என்னுடையது அல்ல, பக்கத்தில் இருப்பவருடையது, சொன்னால் கூப்பிடுவார்கள் என்பதற்கு ஊரே வைத்திருந்த அடையாளம் அது. கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், விசிட்டிங் கார்டில் இருக்கும். சாந்தோமில் அவள் வீட்டுக்கும் பி.பி.தான், கீழே இருந்த மருந்துக் கடை போன். எட்டாவது வரை தமிழிலும் அதற்கு மேல் கான்வென்டில் இங்கிலீஷிலும் படித்தவள் அவள். இரண்டு மொழியிலும் நன்றாக எழுதுவாள். இரண்டிலும் வாய் திறக்க யோசிப்பாள். இந்தக் கம்பெனிக்கு மனுப் போட்டபோது, மருந்துக் கடை நம்பரை எழுதி, பின்னால் வர வேண்டிய அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டாள். வெளிநாட்டுக் கம்பெனி, வீட்டில் போன்கூட இல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கூச்சம். வேலை கிடைத்த சேதியைக் கடைக்காரர்தான் மாடிப்படி ஏறி வந்து சொன்னார்.

ஒரு வாரம் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. ஒரே எண்ணில் பதினேழு பேர். எவரும் அந்த முகவரியில் இல்லை. இது திட்டமிட்ட மோசடி. எல்லா விண்ணப்பங்களையும் நிராகரிக்கவும். அந்த எண்ணின் இணைப்பைத் துண்டிக்கக் கோரி டெலிபோன் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பவும்.

கிளை மேனேஜர் ஸ்ரீநாத் கெட்டவர் இல்லை. மேலிடம் சொன்னதை மறுக்கும் பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான். "ஜொவிட்டா, லெட்டரை டைப் பண்ணிடுங்கோ. மண்டே சிங்கப்பூர்லேருந்து லிம் சாரே வர்றார். அதுக்குள்ள போஸ்ட் ஆயிடணும்."

"சார், அது பி.பி. நம்பர்..."

ஏசி இரைச்சலில் அது அவள் காதுக்கே சரியாக விழவில்லை.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல சார்."

வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்தான கவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். தெருமுனைத் தபால் பெட்டியைக் கடந்து, வழக்கம்போல் 12பி பஸ் ஏறினாள். தினமும் இந்த பஸ் மயிலாப்பூர் வழியாகத்தான் அவளை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அந்த மில் இருக்கும் சந்து மாங்கொல்லைப் பக்கம் என்று விண்ணப்பத்தில் பதினேழு முறை படித்திருக்கிறாள். லஸ்ஸில் இறங்கிவிட்டாள்.

மில்லைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மிளகாய் நெடியே கையைப் பிடித்து அழைத்துப் போனது. உள்ளே இரண்டு எந்திரங்கள், சுவரோரமாக டப்பாக்களோடு பெண்கள் வரிசை. கண் இமை வரை மாவு படிந்த, ஐம்பதை நெருங்கும் ஒருத்தி வாளியில் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட போன் ஒரு மரப்பலகையில் இருந்தது. அதற்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்ததும் அவள் பெல்ட்டைத் தட்டி விலக்கிவிட்டு ஓடினாள். மில் ஓடும்போது மணி காதில் விழாது என்று எலக்ட்ரீஷியன் ஷாஹுல் ஹமீது மாட்டிக் கொடுத்த பல்பு அது.

பேசி முடித்ததும் அவள் வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "ஜைதூன் பீ, உன் மாவு ஆச்சு. போற வழியில காஸ்பரு வூட்ல சொல்லு, அடையாறு பார்ட்டி நாளிக்கு ஒம்போது மணிக்கு வரச் சொல்லுது, பைப்பு ஒடஞ்சிக்கினு கீதாம்."

ஜைதூன் பீ டப்பாவோடு சேதியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மா..." என்றாள் ஜொவிட்டா.

முத்துலட்சுமி திரும்பினாள். "அட, நீ அந்த சாப்டாத பொண்ணுல்ல?"

ஒரு வார்த்தையில் குரலை அடையாளம் கண்டுகொண்டாளே என்று ஜொவிட்டாவுக்கு ஆச்சரியம். கவரை எடுத்தாள். உள்ளே இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"லைனை அறுத்துருவாங்களா?" முத்துலட்சுமி கையைப் புடவையில் துடைத்தாள். "எம்பத்தி மூணுல எங்க வூட்டுக்காரரு புக் பண்ணது. தொண்ணூத்தி ஒண்ணுல வந்துச்சு. அதுக்கு ஒரு வருசம் முந்தி அவரு போய்ட்டாரு. வேணாம்னு திருப்பிக் குடுக்கத்தான் இருந்தேன். எனக்கு யாரு போன் பண்றது? என் ஜனமெல்லாம் கூப்புடற தூரத்துல கீது. ஜைதூன் பீ புள்ள துபாய்ல கீறான், அவன் பேசட்டும்னு வெச்சேன். அப்பால ஒவ்வொருத்தரா நம்பர் கேட்டாங்க." கவரைக் கையில் வாங்கினாள். "இத எவன் எழுதுனான்?"

"நான்தான்."

"பி.பி.ன்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்க வீட்டுக்கும் பி.பி.தான்."

"அப்ப உன் வாயி எங்க போச்சு?"

திட்டித் துரத்துவாள் என்று ஜொவிட்டா காத்திருந்தாள். முத்துலட்சுமி ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்தினாள். "குந்து. ஏ, அவளுக்கு ஒரு டீ வாங்கியாங்கடி." பிறகு கவரை அவள் மடியிலேயே போட்டாள். "அறுக்கறதுன்னா அறுக்கட்டும். ஆனா எவன் சொன்னானோ அவன் இங்க வந்து ஒரு மணி நேரம் குந்திப் பாக்கட்டும். அப்பால அறுக்கட்டும். இத போய் சொல்றதுக்காச்சும் உனக்கு வாயி கீதா?"

திங்கட்கிழமை மீட்டிங்கில் ஸ்ரீநாத் அட்டவணைகளைக் காட்டினார். சென்னையில் போன் வைத்திருக்கும் வீடுகள் இத்தனை. அவற்றில் பேஜர் வாங்கியவை மிகக் குறைவு. ஊருக்கு இன்னும் ஆர்வம் வரவில்லை. லிம், அரைக்கைச் சட்டை போட்ட, அதிகம் பேசாத மனிதர், தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜொவிட்டா எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பிவிட்டதால் உட்காரவும் முடியவில்லை.

"அந்தப் பதினேழு பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்கள் வீட்டில் போன் கிடையாது. இந்த ஊரில் போன் இல்லாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் நம்பர் கொடுப்பார்கள்." மூச்சு வாங்கியது. "நானும் அப்படித்தான் கொடுத்தேன். என் மனுவில் இருப்பது மருந்துக் கடை நம்பர்."

ஸ்ரீநாத் மேஜையைப் பார்த்தார். லிம் அவளைப் பார்த்தார்.

"அந்த இடம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில் இருபது நிமிஷம்."

"யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

"நான் போனேன். கடிதத்தை டைப் செய்த பிறகு."

"கடிதம்?"

கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள். கவரின் மூலையில் வெள்ளையாக விரல் தடம். லிம் அதைப் பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

சந்துக்குள் கார் போகவில்லை, மூவரும் நடந்தார்கள். லிம் ஸ்டூலில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தார். பல்பு ஒன்பது முறை எரிந்தது. ஒவ்வொரு முறையும் மில் நின்றது, முத்துலட்சுமி கேட்டாள், அந்தத் திசையில் வீடுள்ள ஒருத்தி மாவோடு சேதியைச் சுமந்து போனாள்.

"எத்தனை சேதி போய்ச் சேராமல் போகும் என்று கேட்கிறார்," என்று ஜொவிட்டா மொழிபெயர்த்தாள்.

"சேராமப் போறதா? அரைச்ச மாவ வுட்டுட்டு எவளாச்சும் வூட்டுக்குப் போவாளா? நல்லா கேட்டாருய்யா நைனா!"

இதை இங்கிலீஷில் சொன்னபோது லிம் முதல் முறையாகச் சிரித்தார். ஷாஹுல் ஹமீது வேலைப்பையோடு வந்து சேர்ந்தார். "ஏன் பாய், போன் வந்தா உடனே கூப்பிட இவங்க இருக்காங்களே, உங்களுக்கு எதுக்கு பேஜர்?" என்று ஜொவிட்டா விசாரித்தாள். "அக்கா கூப்புட்டா சந்துக்குள்ள இருந்தா கேக்கும்மா. நான் பாலவாக்கத்துல வேலையில இருந்தா? சாயங்காலம் சேதி தெரிஞ்சி போறதுக்குள்ள வேற ஆளப் போட்டுட்றாங்களே," என்றார் அவர்.

திரும்பும் வழியில் லிம் ஸ்ரீநாத்திடம் சொன்னார்: "போன் இருக்கிறவர்களுக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். போன் இல்லாதவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களைத் திருடர்கள் என்று அனுப்பிவிட்டோம்."

அந்தக் கடிதம் தபாலில் சேரவே இல்லை. அடுத்த மாதம் வந்த புது விண்ணப்பத்தில், ஏழு கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்தன. முடிவெடுக்கும் மேஜை சென்னைக்கே வந்தது. நேரில் போய்ப் பார்த்து வர நாலு பேரை எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஜொவிட்டா. ராயப்பேட்டையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் மளிகைக் கடை போன்களும் டெய்லர் கடை போன்களும், ஒவ்வொன்றுக்கும் இருபது குடும்பங்களும் இருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பதினேழில் பதினாறு பேர் பேஜர் வாங்கினார்கள். காஸ்பர் மட்டும் வாங்கவில்லை. எங்கே இருந்தாலும் கூப்பிட முடியும் என்றால் வேண்டாம் என்று கடைசி நேரத்தில் பயந்துவிட்டார்.

பேஜருக்கு ஆயுள் குறைவு. செல்போன் வந்து மூன்று நான்கு வருஷத்தில் அதை ஓரங்கட்டியது. ஜொவிட்டா வேறு கம்பெனிக்கு மாறினாள். அங்கேயும் வெளியூரிலிருந்து தயாராக வந்த கேள்வித்தாள்களைக் கொடுத்தார்கள். அவற்றைப் பூர்த்தி செய்வதற்கு முன்னால் ஒரு பஸ் பிடித்துப் போய் இறங்கிப் பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது. எழுந்து பேச வேண்டிய நேரங்களில், உன் வாயி எங்க போச்சு என்ற குரல் காதில் விழும். அந்தக் குரலுக்கு அவள் பட்ட நன்றிக்கடனுக்குக் கணக்கே இல்லை. தன்னைத் திருடி என்று எழுதிய கைக்குத்தான் முத்துலட்சுமி முதலில் டீ வாங்கிக் கொடுத்தாள்.

லிம் மில்லுக்கு வந்த அன்று, கிளம்பும்போது, கம்பெனி முத்துலட்சுமிக்கு ஏதாவது செய்ய வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார். இலவசமாக ஒரு பேஜர்?

"எனக்கு எதுக்கு? நான் எங்க போறேன்? அவரு காலு சட்டையில மாவு ஒட்டிக்கினு கீது, தட்டிக்கச் சொல்லு."

லிம்மும் ஸ்ரீநாத்தும் முன்னால் நடந்தார்கள். முத்துலட்சுமி சந்து முனை வரை ஜொவிட்டாவோடு வந்தாள். வரிசையில் பெண்கள் காத்திருந்தார்கள், மில் நின்றுகிடந்தது. எப்போதும் ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவள் அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கண்ணு, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. அஞ்சு வருசமா அந்த பல்பு எரியறப்பல்லாம் வேற யாரையோ கூப்புடத்தான் எரியுது. நீ ஒரு நாளு போன் பண்ணு. முத்துலட்சுமி வூடுங்களான்னு கேளு. நான் ஆமான்னு சொல்றேன்."